அணங்கும் பனிக்காடும்

நுழையும்முன்

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே நோக்கினால் கல்வராயன் மலை தெரியும். பகலில் நீலமாகவும் அந்தியில் கருமையாகவும் தோன்றும் அம்மலை, சமவெளியில் வாழ்பவர்க்கு ஒரு காட்சி; அதன்மேல் வாழ்பவர்க்கு ஊர். தொலைவில் நின்று மலையையும் காட்டையும் நோக்கியவர்களின் அச்சத்திலிருந்து ஒரு கதைவகை பிறந்துள்ளது. கனடாவின் வடபகுதிப் பனிக்காட்டைக் களமாகக் கொண்ட அத்தகைய கதை ஒன்றைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணையோடு அணுகுகிறது இப்பாடம்.

பேய்க்கதையும் பேரண்ட அச்சமும்

நம் ஊர்ப் பேய்க்கதைகளைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். கதையில் வரும் பேய் பெரும்பாலும் முன்பு மனிதராக வாழ்ந்ததாக இருக்கும். அதற்கு ஒரு பெயர் உண்டு. நிறைவேறாத ஆசை உண்டு. தீராத பகை உண்டு. படையல் இட்டால் அமைதி கொள்ளும். வேப்பிலைக்கும் திருநீற்றுக்கும் கட்டுப்படும். எத்துணைக் கொடியதாயினும் அது மனிதரோடு கணக்குத் தீர்க்கவே வருகிறது. ஆகவே, பேய்க்கதை என்பது ஒருவகையில் மனிதரைப் பற்றிய கதையே.

இதற்கு முற்றிலும் வேறானது பேரண்ட அச்சக் கதை. அதில் வரும் ஆற்றலுக்கு மனிதரிடம் பகையும் இல்லை, பரிவும் இல்லை. ஆற்று வெள்ளம் எறும்புப் புற்றை அழிக்கும்போது எறும்பின்மீது சினம் கொள்வதில்லை அல்லவா? அதுபோல, மனிதன் என ஒருவன் அங்கிருப்பதையே பொருட்படுத்தாத ஒன்று அவன் வழியில் குறுக்கிடுகிறது. அவன் அழிகிறான், அல்லது அறிவு கலங்குகிறான். படையலுக்கு மனம் இரங்க அங்கு எவரும் இல்லை.

இக்கதைவகைக்குப் பெயர் தேடித் தந்தவர் அமெரிக்க எழுத்தாளர் எச்.பி. லவ்கிராஃப்ட் (1890 – 1937). இயற்கை கடந்த அச்சம் குறித்து அவர் எழுதிய நெடுங்கட்டுரை 1927இல் வெளிவந்தது. அறியப்படாததைப் பற்றிய அச்சமே இவ்வகை எழுத்தின் வேர் என்பது அவரது துணிபு. அவருடைய எழுத்துகளில் பிற இனத்தவர்மீதான இழிவான பார்வை பல இடங்களில் வெளிப்படுகிறது. அதை மறைத்துவிட்டு அவரைப் போற்றுவது முறையன்று. எனினும், தமக்கு முன்னோடியாக அவர் மதித்த ஆங்கில எழுத்தாளர் அல்ஜெர்னன் பிளாக்வுட்டின் (1869 – 1951) ஆற்றலைச் சரியாகவே இனங்கண்டார். இளமையில் சில ஆண்டுகள் கனடாவில் வாழ்ந்த பிளாக்வுட், அந்நாட்டின் காட்டைக் களமாகக் கொண்டு எழுதிய ‘வெண்டிகோ’ 1910இல் நூலுருப் பெற்றது.

பனியில் பதிந்த அடிச்சுவடுகள்

மான் இனத்தில் மிகப் பெரியதான ‘மூஸ்’ என்னும் விலங்கை வேட்டையாட ஐவர் கொண்ட குழு காட்டுக்குள் செல்கிறது. கேத்கார்ட் என்பவர் மருத்துவர். கூட்டு மனமயக்கம் குறித்து நூல் எழுதியவர். அவருடைய மருமகன் சிம்சன், இறையியல் பயிலும் இளைஞன். ஹாங்க், டெஃபாகோ ஆகிய இருவரும் வழிகாட்டிகள். சமையலுக்கு உடன் வந்தவர் பங்க் என்னும் தொல்குடி மனிதர். அவ்வாண்டு விலங்குகள் கண்ணிலேயே படவில்லை. ஆகவே குழு இரண்டாகப் பிரிகிறது. சிம்சனும் டெஃபாகோவும் சிறு படகில் ஏரியைக் கடந்து, மனித நடமாட்டமற்ற பகுதியில் கூடாரம் அமைக்கின்றனர்.

இதன்பின் நிகழ்பவற்றைப் பிளாக்வுட் விரைந்து சொல்லிவிடுவதில்லை. கதையின் பெரும்பகுதி காட்டின் அமைதியைப் பற்றியதே. மரங்கள், மேலும் மரங்கள், அவற்றுக்கு அப்பால் பெயரிடப்படாத ஏரிகள். டெஃபாகோ காற்றை மோந்து பார்க்கிறான். ஏதோ ஒரு நெடி அவனுக்குப் புலனாகிறது, சிம்சனுக்குப் புலனாகவில்லை. இரவில் உறக்கத்தினூடே டெஃபாகோ விம்மி அழுகிறான். பின்னர்க் கூடாரத்திற்கு வெளியே, உயரத்திலிருந்து ஒரு குரல் அவன் பெயரைச் சொல்லி அழைக்கிறது. அவன் பாய்ந்து வெளியேறி இருளில் மறைகிறான்.

பொழுது புலர்ந்ததும் சிம்சன் சுவடுகளைப் பின்தொடர்கிறான். இக்கதையின் உச்சம் இப்பகுதியே. மெல்லிய பனியில் இருவகைச் சுவடுகள் அருகருகே செல்கின்றன. ஒன்று பெரிய, வட்டமான, எவ்விலங்கிற்கும் உரியதல்லாத சுவடு. மற்றொன்று டெஃபாகோவின் காலடி. செல்லச் செல்ல அடிகளுக்கு இடையிலான தொலைவு கூடுகிறது. எந்த மனிதனும் தாவ இயலாத இடைவெளியில் டெஃபாகோவின் காலடியும் பதிந்துள்ளது. இன்னும் சற்றுத் தொலைவில் அவனுடைய சுவடும் வடிவம் மாறி, அப்பெருஞ்சுவட்டின் சிறுபடியாகிவிடுகிறது. பின்னர், வெண்பனிப் பரப்பின் நடுவே இரண்டும் ஒருங்கே முடிந்துவிடுகின்றன. அப்பால் ஒன்றுமில்லை. மேலே வானில், தொலைவிலிருந்து, தன் கால்கள் எரிவதாகக் கதறும் டெஃபாகோவின் குரல் மட்டும் கேட்கிறது.

அவனைத் தூக்கிச் சென்றது எது என்பதைக் கதை காட்டவே இல்லை என்பது கருதத்தக்கது. பனியில் பதிந்த வடிவமும் காற்றில் வந்த நெடியும் உயரத்துக் குரலும் மட்டுமே வாசகர்க்குக் கிடைக்கின்றன. சில நாள்களில் டெஃபாகோவின் உருவில் ஏதோ ஒன்று நெருப்பருகே வந்து நின்று மறைகிறது. இறுதியில் உண்மையான டெஃபாகோ முதற் கூடாரத்தில் காணப்படுகிறான். பனியால் கால்கள் கருகி, நினைவு முழுதும் அழிந்தவனாக. சில வாரங்களே அவன் உயிர் வாழ்கிறான். மனமயக்கம் குறித்து நூல் எழுதிய மருத்துவரிடம் விளக்கங்கள் பல இருக்கின்றன. எதுவும் பொருந்தவில்லை.

சமையற்காரர் பங்க் என்ன ஆனார்? நெடி தம்மை எட்டிய கணத்திலேயே அவர் எவரிடமும் சொல்லாமல் வீடு திரும்பிவிட்டார். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

தொல்காப்பியர் வகுத்த அச்சம்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளை வரையறுக்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. ஒவ்வொன்றும் நந்நான்கு நிலைக்களன்களில் தோன்றும். அச்சம் தோன்றும் நான்கு களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன. இறை என்பது இங்கு ஆள்பவரைக் குறிக்கும். பேய், பூதம் முதலாகத் தாக்கி வருத்தும் ஆற்றல்களை அணங்கு என்பதனுள் அடக்குவர் உரையாசிரியர்.

இவ்வரிசை ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. கள்வரிடமிருந்து ஓடலாம், விலங்கை எதிர்க்கலாம், அரசனிடம் முறையிடலாம், அணங்கிடம் இவை எவையும் செல்லா. ‘வெண்டிகோ’ கதையில் வேட்டைக்காரர் இன்னும் வலிய துப்பாக்கிகளோடு வந்திருந்தாலும் நிலை மாறியிராது. விலங்கை எதிர்பார்த்து வந்தவர்கள் அணங்கை எதிர்கொண்டனர் என்பதே அக்கதையின் முரண்.

ஆயினும், அச்சம் ஒன்றை மட்டும் கொண்டு இக்கதைவகையை முழுதும் விளக்க இயலாது. சிம்சன் அஞ்சுகிறான், அதே வேளையில் வியக்கவும் செய்கிறான். வியப்பாகிய மருட்கைக்குத் தொல்காப்பியர் கூறும் களன்கள் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன. முன்பு காணாதது புதுமை. அளவிறந்து பெரிதாயிருப்பது பெருமை. மிக நுண்ணியதாயிருப்பது சிறுமை. ஒன்று மற்றொன்றாக மாறுவது ஆக்கம். பனிக்காட்டுச் சுவடுகளை மீண்டும் நினைவுகூர்க. முன்பு காணாத வடிவம், அளவிறந்த பெருமை, மனிதக் காலடி வேறொன்றாக மாறிய ஆக்கம். அப்பெருவெளியில் நிற்கும் சிம்சன் தன்னையே ஒரு நுண்துகளாக உணர்கிறான். அணங்கால் வந்த அச்சமும் பெருமையால் வந்த மருட்கையும் ஒரே நெஞ்சில் ஒரே கணத்தில் கூடுமிடமே பேரண்ட அச்சம் எனலாம். இருபதாம் நூற்றாண்டில் பெயர் பெற்ற ஒரு கதைவகையை அளக்கும் கோல் தமிழில் முன்பே இருந்துள்ளது.

தமிழ் மலைகளின் குரல்

பனி உறையும் நிலம் தமிழ்த் திணை மரபில் இல்லை. ஆனால், மலையும் நள்ளிரவும் உண்டு. குறிஞ்சிக்குரிய சிறுபொழுது யாமம். இரவுக்குறியில் தலைவியைக் காண வரும் தலைவனிடம், அவன் வரும் வழியின் அருமையைச் சொல்லித் தோழி தடுப்பாள். யானையும் புலியும் பாம்பும் திரியும் வழி. சூர் உறையும் சாரல். இடி முழங்கும் இருள். ‘வெண்டிகோ’ காட்டும் காட்டிற்கும் இதற்கும் இடரில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு அச்சம் எதன்பொருட்டு என்பதில் உள்ளது. தோழியும் தலைவியும் அஞ்சுவது அவனுக்காக. அவ்வச்சத்தின் வேர் அன்பு. ஒருவர் மற்றொருவருக்காக அஞ்சும்வரை அண்டம் வெறுமையாக இருப்பதில்லை.

கல்வராயன் மலைக்கு வடக்கே, தென்பெண்ணை ஆற்றுக்கு அப்பால் உள்ளது செங்கம். சங்க காலத்தில் செங்கண்மா எனப்பட்ட அவ்வூரை ஆண்ட நன்னனைப் பாடுவது பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் இயற்றிய 583 அடிகள் கொண்ட இந்நூலுக்குக் கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் உண்டு. மலையை மதயானையாக உருவகித்து, அதன்கண் எழும் பல்வேறு ஒலிகளை யானையின் மதமாகக் காண்பதால் நூல் இப்பெயர் பெற்றது. அருவியில் ஆடும் வானர மகளிரின் ஒலியும் கானவர் ஒலியும் விலங்கின் ஒலியும் அங்கு ஒன்றோடொன்று கலந்து கேட்கின்றன. தெய்வ ஒலி எது, மனித ஒலி எது எனப் பிரித்து அஞ்ச வேண்டிய தேவை அங்கு எழவில்லை. பன்றிக்கு வைத்த பொறிகள், பாம்புறையும் குழிகள், வழுக்கும் பாறைகள், புனம் காப்போர் எறியும் கவண்கற்கள் என வழியின் இடர்களை அந்நூல் ஒவ்வொன்றாக எச்சரிக்கிறது. மலைவாழ் மக்கள் உணவளித்து வரவேற்பர் என்பதையும் உடன் சொல்கிறது. பிளாக்வுட்டின் காட்டில் குடிசை ஒன்றுகூட இல்லை என்பதை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கல்வராயனுக்குத் தென்மேற்கே உள்ள கொல்லி மலையில் ஒரு பாவை இருந்ததாகச் சங்கப் பாடல்கள் கூறும். தெய்வத்தால் காக்கப்படும் அப்பாவை, புயல் மோதினும் பெருமழை கொட்டினும் இடி தாக்கினும் நிலமே புடைபெயரினும் தன் உரு மாறாதது என்கிறது பரணர் பாடிய நற்றிணைப் பாடல். நிலம் நடுங்கும்போதும் அசையாத ஓர் உருவம், மலைச்சரிவில், யாரும் அணுகாத இடத்தில்! பேரண்ட அச்சம் எழுதுவோர் எவரும் இதைக் கண்டால் விடமாட்டார். ஆனால், பாடலில் அது தலைவியின் மறக்கவியலா அழகுக்கு உவமையாகிறது. சிரித்து ஆளை மயக்கிக் கொல்லும் பாவை என்ற செய்தி பிற்கால மரபில் வலுப்பெற்றது. ஒரே பாவையை ஒரு காலம் காதலோடும் மற்றொரு காலம் சாவோடும் இணைத்துள்ளது.

தெரிந்து தெளிவோம்

சிறுகதை முன்னோடியான புதுமைப்பித்தன் (சொ. விருத்தாசலம், 1906 – 1948) திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தை வட்டாட்சியர் பணியில் இருந்தமையால் செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி ஆகிய ஊர்களில் தொடக்கக் கல்வி பயின்றார். 1918இல் குடும்பம் திருநெல்வேலிக்குத் திரும்பியது.

வீட்டுக்குள் வந்த வாடை

கள்ளக்குறிச்சிப் பள்ளியில் பயின்ற அச்சிறுவன் பின்னாளில் எழுதிய ‘காஞ்சனை’ (1943), தமிழில் இயல்பு கடந்த அச்சத்தைக் கையாண்ட கதைகளுள் தலையாயது. களம் காடன்று, ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வீடு. கதைசொல்லி ஓர் எழுத்தாளர். பிச்சை கேட்டு வந்த ஒருத்தியை அவர் மனைவி வேலைக்கு அமர்த்திக்கொள்கிறார். உறக்கமற்ற இரவில் கதைசொல்லியை முதலில் வந்து தொடுவது ஒரு வாடை. டெஃபாகோவுக்கும் பங்க்குக்கும் நெடிதான் முதலில் புலப்பட்டது என்பதை இங்கு இணைத்துப் பார்க்கலாம். பிளாக்வுட்டைப் புதுமைப்பித்தன் பின்பற்றினார் என்பதற்காக இது கூறப்படவில்லை. கண்ணை மூடிக்கொள்ளலாம்; காதைப் பொத்திக்கொள்ளலாம்; மூச்சை நெடுநேரம் அடக்க இயலாது. அச்சம் நுழைவதற்கு நாசியே எளிய வழி என்பதை இருவரும் தனித்தனியே கண்டுகொண்டனர்.

நிகழ்ந்தது மெய்யா மயக்கமா என்பதைக் ‘காஞ்சனை’ முடிவு செய்வதில்லை. அந்நிலையே அதன் வலிமை. கடல்கொண்ட நகரைக் களமாகக் கொண்ட ‘கபாடபுரம்’ என்னும் கதையிலும் காலத்தின் பேரளவு முன் மனிதன் சிறுத்து நிற்கும் உணர்வைப் புதுமைப்பித்தன் எட்டியுள்ளார்.

யாருடைய அச்சம்?

பனிக்காட்டிற்கு மீண்டும் வருவோம். வெண்டிகோ பிளாக்வுட்டின் கற்பனையன்று. ஓஜிப்வே, கிரீ முதலிய வட அமெரிக்கத் தொல்குடிகளின் மரபில் தொன்றுதொட்டு வழங்குவது. உணவற்ற கடுங்குளிர்காலத்தில் பசியால் அறம் மறந்து, தன் இனத்தையே தின்னத் துணிந்த ஒருவன் வெண்டிகோ ஆவான் என்பது அம்மரபு. தின்னத் தின்ன அதன் உடல் பெருக்கும். உடல் பெருக்கப் பெருக்கப் பசியும் பெருகும். பகிர்ந்துண்ணாமையின் கேட்டைக் குளிர்கால நெருப்பைச் சுற்றி அமர்ந்த பிள்ளைகளுக்கு உணர்த்திய கதை அது. பிளாக்வுட்டோ பசியையும் அறத்தையும் நீக்கிவிட்டு, காடு விடுக்கும் மாய அழைப்பாக அதை மாற்றினார். கதை அழகுற்றது என்பதில் ஐயமில்லை. ஆனால், அக்கதையை உடையவர்களின் பிரதிநிதியாகக் கதைக்குள் இருப்பவர், பேச்சே இல்லாத ஒரு சமையற்காரர்.

ஓஜிப்வே எழுத்தாளர் பேசில் ஜான்ஸ்டன் 1995இல் வெளியிட்ட நூலில் இம்மரபைத் தம் மக்களின் நோக்கிலிருந்து எழுதினார். காடுகளை அழித்தும் நிறைவு கொள்ளாத பெருநிறுவனங்களையே இக்காலத்து வெண்டிகோக்களாக அவர் சுட்டினார். வெளியிலிருந்து வந்தவர் காட்டைக் கண்டு அஞ்சினார். காட்டில் இருந்தவரோ வெளியிலிருந்து வருவதைக் கண்டு அஞ்சினார்.

இவ்விடத்தில் கல்வராயன் மலையை நோக்கினால் பொருள் இன்னும் தெளிவாகும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான இங்கு மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் தம் முன்னோர் என்பது அவர்களிடையே வழங்கும் வரலாறு. மேகம், பெரியார் அருவிகளைக் காணச் செல்லும் சமவெளியினர்க்கு மலைக்காடு மருட்கை தரலாம். பொழுது சாய்ந்தால் அச்சமும் தரலாம். மலைவாழ் மக்களுக்குக் காடு அறிமுகமானது. எந்த ஒலி எவ்விலங்கினது என்பதை அங்குள்ள சிறுவரும் அறிவர். அவர்கள் தலைமுறை தலைமுறையாக அஞ்ச நேர்ந்தது எதற்கு? இம்மலைப்பகுதி நெடுங்காலம் ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. நாடு விடுதலை பெற்ற பின்னும் அம்முறை நீடித்து, 1976இல்தான் முடிவுற்றது. தொல்காப்பியர் வகுத்த நான்கு களன்களுள் அணங்கைவிட இறையே அவர்களுக்கு அண்மையில் இருந்தது.

மலையைக் களமாகக் கொண்டு திகில் கதை எழுத விரும்பும் இளம் எழுத்தாளர் இதனை அறிந்திருத்தல் நன்று. இருள், மூடுபனி, ஆளரவமற்ற பாதை ஆகியன எளிதில் கிடைப்பவை. பாதை யாருக்கு ஆளரவமற்றது என்னும் வினா எளிதில் தோன்றுவதில்லை. வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வந்து பயிலும் மாணவர் ஒருவர் அதே கதையை எழுதினால், அச்சம் தரும் இடம் பேருந்து நிலையமாகவும் இருக்கக்கூடும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் அச்சத்தோடு குறிப்பிடப்படும் ஓர் இடத்தைப் பற்றி மூத்தோரிடம் கேட்டு எழுதுக. அவ்வச்சம் அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகியவற்றுள் எதனால் தோன்றியது எனக் காண்க.

2. ‘வெண்டிகோ’ கதை நிகழ்வுகளைச் சமையற்காரர் பங்க் தம் வீட்டாரிடம் கூறுவதாக ஒரு பக்க அளவில் எழுதுக.

3. ‘காஞ்சனை’ சிறுகதையைப் படித்து, அதில் அச்சமும் மருட்கையும் ஒருங்கே தோன்றும் இடத்தை வகுப்பில் எடுத்துரைக்க.

4. மலைபடுகடாத்தில் இடம்பெறும் ஒலிகளைத் தொகுத்து, உங்கள் ஊரில் இரவில் கேட்கும் ஒலிகளோடு ஒப்பிடுக.